பிரோத்தன் பண்ணையின் ஐந்து பேர்

திங்கள், நவம்பர் 3

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சிகாமட் ஆறு ஏறுகிறதா என்று என் வீட்டுக்காரர் செல்வம் இரண்டு தரம் பாலம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேறு வேலை இல்லை அவருக்கு.

பத்து மணிக்கு கிளினிக். மகள் மலருக்கு ஏழாம் மாதம். போன வாரம் குளியலறையில் மயங்கி விழுந்தாள். இதயத்தை ஸ்கேன் பண்ண வேண்டுமாம்.

"ஃபேமிலில யாராச்சும் நாப்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்திருக்காங்களா, ஆன்ட்டி?" டாக்டர்.

"இல்லீங்க டாக்டர்."

"நல்லா யோசிச்சு இந்த பாரத்துல எழுதி வெள்ளிக்கிழமை கொண்டாங்க. பழைய தலைமுறையா இருந்தாலும் பரவால்ல."

பொய் சொல்லிவிட்டேன். என் தம்பி குமார். முப்பத்து நாலு வயதில் போய்விட்டான். ஊருக்கெல்லாம் அது மோட்டார் விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும், வண்டி சாய்வதற்கு முன்னாலேயே அவன் கை ஹேண்டிலை விட்டுவிட்டது. அன்று காலை, "நெஞ்சு என்னமோ பண்ணுதுக்கா" என்றான். "ஸ்கூலுக்கு லேட்டாவுது, எடுடா வண்டிய" என்றேன். பதினெட்டு வருஷம். ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய், 4

வாங்க: சந்தான் (தேங்காய்ப்பால்), முட்டை, பிரிண்டர் மை.

ஒரு யோசனை. என் மு.பா. (முப்பாட்டன்) நார்வேக்காரர். கப்பல் எஞ்சினியராக மலாயாவுக்கு வந்து, லாபிஸ் பக்கம் ரப்பர் எஸ்டேட் ஃபேக்டரியில் தங்கி, பால்வெட்டு வேலை செய்த தமிழச்சியைக் கட்டிக்கொண்டவர். பள்ளி ஆபீசில் ரிட்டையர் ஆன பிறகு இரண்டு வருஷமாக அவர் ஊர் சர்ச் பதிவேடுகளைத்தான் கணினியில் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிரியார் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. இப்போது பழகிவிட்டது.

அந்தப் பக்கம் எவராவது ஒருவர் திடீரென்று செத்திருந்தால் போதும். அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடலாம். குமாரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம்.

வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தேடப் போகிறேன்.

புதன், 5

கிடைத்துவிட்டது. ஐயோ, ஒன்று இல்லை. ஐந்து.

மு.பா. பெயருக்குப் பின்னால் வரும் பிரோத்தன் என்ற பெயரை வைத்து, அடக்கம் செய்யப்பட்டவர்கள் பட்டியலில் நாற்பது வருஷத்துப் பதிவுகளைத் தேடினேன்.

31 வயது, வைக்கோல் அறுக்கும்போது, திடீர் மரணம்.
29, சர்ச் வாசலில், தி.ம.
36, தி.ம.
33, தி.ம.
27, கல்யாணமாகி ஐந்தாம் மாதம். தி.ம.

கணினியை மூடிவிட்டுப் போய் மீன் கழுவினேன். குமார் ஆறாவதா? மலர் ஏழாவதா? வயிற்றில் இருப்பது?

மலர் ஹாலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "ம்மா, மைலோ இருக்கா?" என்றாள். கலக்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா அப்படிப் பாக்கற? பேயைப் பாத்த மாதிரி!"

வியாழன், 6

தூக்கம் இல்லை. பட்டியலை மடித்து அரிசி டின்னுக்குள் போட்டேன்.

மத்தியானம் செல்வத்துக்கு ஃபோன். பேசிவிட்டு வந்தார். "நாலாம் டிவிசன் ராமசாமி தவறிட்டாராம்."

"அலமாக்! அவரு செத்து மூணு வருஷம் ஆவலையா?"

"அது பழைய நாலாம் டிவிசன் ராமசாமி லா. இவரு பேரும் ராமசாமிதான், அதே வீட்டுக்கு அப்புறம் குடிவந்தவரு, அதனால இவருக்கும் நாலாம் டிவிசன்னு பேரு. ரெண்டு பேருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. எஸ்டேட்ல பொறந்தவ, உனக்குத் தெரியாதா?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கணினிக்கு ஓடினேன். பிரோத்தன் குடும்பப் பெயர் இல்லை. பண்ணைப் பெயர்! அங்கே யார் குடியிருந்தாலும் அந்தப் பெயர்தான். பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஐந்து பேருக்கும் அப்பா பெயரைப் பார்த்தேன். ஐந்தும் வேறு. மு.பா. அப்பா பெயர் அதில் இல்லவே இல்லை. மடச்சி, மடச்சி.

பிறகு மு.பா. பிறந்த தேதியையும் அவர் அப்பா பெயரையும் பிடித்துக்கொண்டு சரியான வழியில் போனேன். பிறந்தது வேறு பண்ணையில். அவர் அப்பா இறந்தது 81 வயதில். அம்மா 78. ஒரு அண்ணன் ஏரியில் மூழ்கிச் செத்தார், மீன்பிடிப் படகு கவிழ்ந்து. தங்கைகள் இரண்டு பேர் அமெரிக்கா போய்விட்டார்கள். தி.ம. ஒன்றுகூட இல்லை.

சந்தோஷத்தில் செல்வத்துக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேனாம்.

சாயங்காலம் பாரத்தை எடுத்தேன். "இல்லை" என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுத முடியவில்லை. அந்த ஊர் ஆட்கள் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். குமார் மட்டும்தான் மிச்சம்.

வெள்ளி, 7

மழை விட்டிருக்கிறது. கிளினிக்கில் நம்பர் 14.

பாரத்தில் ஒரே வரி. குமார், தம்பி, 34.

மலர் எட்டிப் பார்த்தாள். "ம்மா, மாமா மோட்டார் ஆக்சிடன்ட்ல்ல?"

"இல்லம்மா. விழறதுக்கு முன்னாலயே கை விட்டுருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னான். நான்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன்."

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே உதைத்தது. டாக்டர் பாரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இன்னைக்கே ஸ்கேன் பண்ணிடலாம்" என்றார்.

மலர் உள்ளே போய் இருபது நிமிஷம். கதவு இன்னும் திறக்கவில்லை. இதோ, திற—