சிரட்டைப் புகை

ஆனி கடைசி வெள்ளி, இரவு.

இன்று குப்பை எரிக்கும் உலையின் புகைபோக்கியில் புகை அளக்கும் கருவியைப் பொருத்தும்போது, பக்கத்தில் காய்ந்த தேங்காய்ச் சிரட்டை குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். குற்றாலத்தில் சீசன். குப்பையெல்லாம் நனைந்துதானே வரும்? உலை பார்க்கும் சங்கரன் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"சார் வருதியன்னு தெரிஞ்சா ஒரு வாரம் முன்னயே ஒதுக்கி வச்சிருவோம். வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல சோறு போட மாட்டோமா?"

"மத்த நாள்ல?"

"அருவிக்கரையில அவுத்துப் போட்டுட்டுப் போற ஈரத்துணிதான். பொகை கண்ணைக் கரிக்கும். சாயங்காலம் காத்துல குத்துக்கல்வலசைப் பக்கம் போயிரும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஈரத்துணி போட்டால் உலையில் சூடு இறங்கும், விஷம் எரியாமல் வெளியே போகும். மூன்று வருடமாக நான் அளந்தது சிரட்டைப் புகையை. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுத்தான் போவேன். மரியாதை என்று நினைத்தேன்.

அந்தக் கணக்கை நம்பித்தான் கடையத்தில் இன்னொரு உலை கட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை அதற்கான அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளதை எழுதினால் அண்ணாச்சிக்கு வேலை போகும். என் ஆராய்ச்சியும்... அது இப்போது வேண்டாம்.

மாடியில் காயப்போடும் துணியில் ஏதோ வாடை என்று என் மனைவி கமலா சீசன் தொடங்கியதிலிருந்து சொல்கிறாள். யாரோ சருகு எரிக்கிறார்கள், விடு என்று நான்தான் சொன்னேன். நாங்கள் இருப்பது குத்துக்கல்வலசையில்.

இப்போது என் தலையணை உறையை முகர்ந்து பார்த்தேன். அதே வாடை. பக்கத்தில் கமலா அவள் உறையில் முகம் புதைத்துத் தூங்குகிறாள்.