கொய்யா மரத்துச் சிவப்பெறும்புகள்

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கொசுப்புகை அடித்துக்கொண்டு போனார்கள். ஜன்னலைச் சாத்துவதற்குள் அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

எஸ்டேட்டில் சிநேகிதிகள் நாம் இருவரும் பன்னிரண்டு வருஷம் களைக்கொல்லி மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவர்கள். நகங்கள் கறுத்து உதிர்ந்தபோது நீதான் முதலில் வேலையை விட்டாய். பின்னாலேயே நானும் வந்தேன். ஜெஞ்சாரோமில், தவுக்கே என்று நாம் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் கொய்யாத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். முதல் நாளே சொல்லிவிட்டாய்: "இங்க மருந்து வாடையே வரக்கூடாது புள்ள."

காயைக் குத்திக் கறுப்புப் புள்ளி வைக்கும் பூச்சிக்கு நீ கண்டுபிடித்த வழி சிவப்பெறும்பு. பக்கத்து மலாய்க் கிராமத்தில், அந்தக் கம்பத்து மாமரங்களில், இலைகளைப் பின்னி அவை கட்டியிருந்த கூடுகளைக் கிளையோடு வெட்டி, சிமெண்ட் பையில் போட்டுக் கொண்டுவருவாய். கை முழுக்கக் கடி. மரத்துக்கு மரம் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டிவிட்டாய். எறும்புகள் அதில் வரிசையாய்ப் போய்வந்தன. பூச்சியைக் கண்டால் நாலைந்து சேர்ந்து இழுத்துக்கொண்டு போயின. அந்த வருஷம் காய்கள் சுத்தமாக வந்தன.

மறுவருஷம் உன் மகளின் பிரசவத்துக்காகக் கிள்ளானுக்குப் போனாய். இரண்டாம் நாள், கொப்புகளில் மாவு அப்பியதுபோல் வெள்ளைப்பூச்சியைப் பார்த்தேன். உன் எறும்புகள் அவற்றைத் தின்னவில்லை, சுற்றி நின்று காவல் காத்தன. பயந்துவிட்டேன். கடையில் மருந்து வாங்கிவந்து ஒரே காலையில் எல்லா மரத்துக்கும் அடித்தேன். எறும்புகள் மரத்தடியெங்கும் கொட்டிக் கிடந்து துடித்தன.

நீ திரும்பி வந்து வெறும் கயிறுகளைப் பார்த்தபடி நின்றாய்.

"யாரு அடிச்சது?"

"தவுக்கே ஆளு வந்தான். நான் சொல்லியும் கேக்கல."

என் கைகளைப் பார்த்தாய். "அந்த ஆளு மூக்குல துணி கட்டியிருந்தானா?"

"இல்ல."

"நீ சொல்லியிருக்கலாம் லா. நெஞ்சுக்குள்ள போயிரும்." பிறகு, "போ, நல்லா சோப்பு போட்டுக் குளி," என்றாய்.

அந்தப் பருவத்தில் எறும்பில்லாமல் புள்ளி விழுந்த காய்களைக் கூடைகூடையாய்க் குழியில் கொட்டினோம். நீ அதைப் பற்றி மறுபடி கேட்கவேயில்லை. பையை எடுத்துக்கொண்டு மாமரம் ஏறினாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எல்லா மரத்திலும் எறும்பு ஏற ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பழைய எஸ்டேட் மருந்தாக இருக்கலாம் என்றார் டாக்டர். நான் அடித்ததும் அதில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

நீ கண்மூடுவதற்கு முன்பு, கடைசியாக, அதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் மகள் பக்கத்தில் இருந்தாள். கஞ்சியை ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடித்தது நான். உனக்கு அன்றே தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் சொல்லி நீ கேட்கவில்லை. அதுதான் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் இறங்காமல் நிற்கிறது.