எங்களுக்கு மணம் செய்து வைத்தவர் யார்?

அனுப்புநர்:
லியோந்தின் வேசியே (வயது 74),
ஆலயத் தெரு,
பிரூசாக் கிராமம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம்.

பொருள்: மேயர் பதவியிலிருந்து விலகியதாகச் சொல்லப்படும் நாடாளுமன்ற உறுப்பினர் திரு. எர்வே தெலமார் நடத்திவைத்த என் திருமணம் செல்லுமா எனத் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திரு. தெலமார் பல காலம் எங்கள் மேயராகவும் பாரீஸில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஒருசேர இருந்தவர். ஒருவரே இரண்டு நாற்காலியிலும் உட்காரக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 2017 கோடையில் மேயர் பதவியைத் துணை மேயர் திரு. ரெமி புஷாருக்கு விட்டுக்கொடுத்து வெறும் கிராம மன்ற உறுப்பினர் ஆனார். அப்படித்தான் சொல்கிறார்கள். மேயர் அறையின் சாவி மட்டும் இன்றுவரை அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. திரு. புஷார் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறார்.

2. அதே ஆண்டு செப்டம்பரில் நானும் திரு. அன்செல்ம் வேசியேயும் மணந்துகொண்டோம். எங்கள் வயதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும். மேயரோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்த மன்ற உறுப்பினரோ நடத்திவைத்தால்தான் மணம் செல்லும் என்பது நம் சட்டம். நடத்திவைத்தவர் திரு. தெலமார். திரு. புஷார் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். மேயர் பதவிக்குரிய மூவண்ணப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்தால் கழுத்தை ஒட்டி நீலம் வரும். நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சிவப்பு. அன்று கழுத்தை ஒட்டி இருந்தது சிவப்பு. அதைக் கேட்க நான் வாயெடுத்தேன். அன்செல்ம் என் கையை அழுத்தி, "சும்மா இரு லியோ, முதல்ல கல்யாணம் முடியட்டும், சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். சும்மா இருந்துவிட்டேன்.

3. சென்ற மாதம் அன்செல்ம் காலமானார். வேசியே குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தோம். எனக்கும் அவர் பக்கத்தில் இடம் வேண்டும் என்று மேயருக்கு எழுதினேன். அன்செல்மின் அண்ணன் மகன் லூசியன் தடுக்கிறார். மணம் செய்து வைத்தவர் மேயரே இல்லை, ஆகவே நான் மனைவியே இல்லை என்கிறார். இந்த லூசியன் திரு. தெலமாரின் தேர்தல் வேலைகளைப் பார்ப்பவர். தலைவரிடம் இத்தனை நாள் தெரியாத குறை இப்போது மட்டும் அவர் கண்ணில் எப்படிப் பட்டது என்பதை ஐயா அவர்களே யோசிக்கவும்.

4. திரு. புஷாரைக் கேட்டேன். "ஐயா வெள்ளிக்கிழமை பாரீஸ்லேர்ந்து வருவாரும்மா, அவரக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை திரு. தெலமாரை அதே மேயர் அறையில் பார்த்தேன். "கல்லறையெல்லாம் மேயர் பொறுப்பும்மா, நான் வெறும் உறுப்பினர். அன்னிக்குக்கூட வாழ்த்தத்தான் வந்தேன்" என்றார். வாழ்த்த வந்தவர், மணம் நடத்துபவர் மணமக்களுக்கு வாசிக்கும் சட்டப் பிரிவுகளை எதற்கு வாசித்தார்? எனக்குக் கோபம் வருகிறது ஐயா. அதை மறைக்கத் தெரியவில்லை.

5. ஆகவே, அன்று திருமணம் நடத்த மேயர் அவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருந்தாரா என விசாரித்து, பதிலை என் வீட்டு முகவரிக்கே அனுப்புமாறு வேண்டுகிறேன். மேயர் அலுவலகம் வழியாக வேண்டாம். அங்கே கடிதங்களும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கின்றன. அன்செல்ம் "சம்மதம்" என்றார், நானும் "சம்மதம்" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டவர் யார் என்பது நான் சாவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

இடம்: பிரூசாக்
நாள்: 14.03.2019

இப்படிக்கு,
லியோந்தின் வேசியே
க/பெ. (காலஞ்சென்ற) அன்செல்ம் வேசியே