கிளாராவுக்காக ஒரு மன்றாட்டு

தைப்பிங், மலேசியா
10.9.1991

அன்பு கிளாராவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு மீனம்பாக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. திட்டாதே, பயத்தில் பசி அதிகமாகிவிட்டது.

இங்கே மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மத்தியானம் ஆனால் வந்துவிடும், அவ்வளவுதான். காலையில் ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே கோவிலுக்கு நடந்தால், முன்னால் போகிறவரின் சட்டை மட்டும் பனியில் தெரிகிறது, கால் தெரிவதில்லை. ஆள் மிதந்துகொண்டே போகிறார். நானும் அப்படித்தான் மிதக்கிறேன் போல. பென்னலூர் உபதேசியார் யாகப்பன் கடல் தாண்டி வந்து தோட்டம் தோட்டமாக ஞானோபதேசம் சொல்கிறான் என்று எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. நம் பாட்டுகளைத்தான் பாடுகிறார்கள், ஆனால் இழுத்து இழுத்து, தாலாட்டு மாதிரி.

ஊர் எது என்று கேட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்கிறேன். உடனே எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்கு முன் நம் ஊரை யாருக்குத் தெரியும்?

ஒன்று சொல்ல வேண்டும். முதல்நாள் தியானத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசினேன். பேச்சுவாக்கில், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை, ஆனாலும் என் மனைவி நம்பிக்கையை விடவில்லை என்று சொல்லிவிட்டேன். கோவிலே அழுதது. இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பூசையில் "கிளாராவுக்காக மன்றாடுவோம்" என்கிறார்கள். முகம் தெரியாத ஜனங்கள் வாயில் உன் பெயர். தூக்கத்திலும் எனக்கு அது கேட்கிறது.

உன் பிரியமுள்ள
யாகப்பன்


பென்னலூர்
5.10.1991

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். கோழிகளும் சுகம். நீங்கள் இல்லாத தைரியத்தில் ஒன்று உங்கள் நாற்காலியில்தான் முட்டை வைப்பேன் என்கிறது.

என் பெயர் எங்கெங்கே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் கேட்டது. போன செவ்வாய்க்கிழமை ஷிப்ட் விடுகிற நேரம், மருந்து பாட்டில் கம்பெனி வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வேளாங்கண்ணிக்குப் போகிற ஒரு மலேசியா அம்மா இறங்கி, "இங்கே கிளாரா யாரு?" என்று சத்தமாகக் கேட்டார். நான்தான் என்றேன். மந்திரித்த எண்ணெயை எடுத்தார், எல்லாரும் பார்க்க என் வயிற்றில் கை வைத்து ஜெபம் சொன்னார். என் லைனே வேடிக்கை பார்த்தது. சூப்பர்வைசரும் நின்று பார்த்தார். பக்கத்தில் பாட்டில் அடுக்குகிற பாஞ்சாலி, "இன்னாக்கா, உன் வயித்துக் கதை மலேசியா வரிக்கும் தெரிஞ்சு கீது!" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, பாவம். எனக்குத்தான் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

வீட்டுச் சங்கதியை இப்படி அம்பலத்தில் ஏற்றுவார்களா, மாமா? நான் நம்பிக்கையை விடவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? என்னைக் கேட்டீர்களா?

சரி, கோபம் போதும். இன்னொரு சங்கதி இருக்கிறது. நம் சாமியார் சொல்லி, காஞ்சிபுரம் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற குழந்தைகள் இல்லத்துக்குப் போய்வந்தேன். ஜோவிதா என்று ஒரு பெண் குழந்தை. ஒரு வயது தாண்டிவிட்டது. சுவரைப் பிடித்து நிற்கிறாள். யாரிடமும் போகாதவளாம். என்னிடம் வந்தாள், தோளில் படுத்தாள், தூங்கிவிட்டாள். மதர் சொன்னார்: "நம்ம கிறிஸ்தவங்களுக்குச் சட்டத்துல தத்து கெடையாதும்மா. கார்டியன்னுதான் கோர்ட்டுல எழுதுவாங்க. வீட்டுக்காரர் சம்மதம் எழுதிக் குடுக்கணும்." கார்டியன் என்று எழுதட்டும், காவல்காரி என்று எழுதட்டும். எனக்கு அவள் வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் தோளில் அந்தக் கனம் அப்படியே இருந்தது. ஏரிக்கரையில் காற்று வீசியது. முழித்துக்கொள்வாளோ என்று தலையைத் திருப்பாமலே வந்தேன். தோளில் ஒன்றும் இல்லை, மாமா.

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிளாரா


சுங்கை சிப்புட்
19.10.1991

அன்பு கிளாராவுக்கு,

அந்த அம்மா செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் நல்லவர், உற்சாகம்தான் கொஞ்சம் அதிகம்.

குழந்தை விஷயத்தை நாலு நாளாக மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு பாட்டாளி வீட்டில் தங்கியிருக்கிறேன். பால் வெட்டப் போகும் பெண்கள் என் ஜன்னலைத் தாண்டும்போது உன் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். இத்தனை பேர் முழங்காலில் நிற்கும்போது, நாம் போய் ஒரு குழந்தையைத் தூக்கிவந்தால், ஆண்டவரைப் பார்த்து "நீர் வருவதாகத் தெரியவில்லை" என்று சொன்னதாகாதா? அடுத்த வருஷம் இவர்கள் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

பொறுத்தார் பூமியாள்வார். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கச் சொல்கிறார்கள். ஜனவரியில் வந்து உட்கார்ந்து பேசுவோம். குழந்தை எங்கே போய்விடப் போகிறது?

உன்
யாகப்பன்


பென்னலூர்
1.11.1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது ஆண்டவருக்குப் பயந்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை படித்தேன். தோட்டத்து ஜனங்களுக்குப் பயந்து எழுதியிருக்கிறீர்கள்.

அவர்கள் எனக்காகக் குழந்தை கேட்டார்கள். குழந்தை காஞ்சிபுரத்தில் இருக்கிறது. எந்த வழியாக வரவேண்டும் என்று அவர்கள் ஏதாவது சொன்னார்களா?

நேற்று ஓ.டி. முடிந்து அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வயல் முழுக்கத் தண்ணீர், அதன்மேல் அவள் நடந்து வருகிறாள். பாதம் நனையவில்லை. நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், எனக்குக் குரல் வரவில்லை. பாஞ்சாலி உலுக்கி, "கனாவா அக்கா? சிரிச்சிக்கினே அழுவுறியே" என்றாள்.

அவள் நிஜமாகவே நடக்கிறாள், தெரியுமா? போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்ததும் சுவரை விட்டுவிட்டு வந்தாள். நடுவில் விழுந்தாள். அழவில்லை, எழுந்து மறுபடி வந்தாள்.

சென்னையிலிருந்து வேறொரு குடும்பம் அவளைக் கேட்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் வந்தார்களாம். மதர் எனக்காக மாதம் பாதிவரை பொறுக்கிறார். அதற்குமேல் அவர் பிடித்துவைப்பது நியாயமும் இல்லை. தந்தி கொடுக்கலாம் என்றால் நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்? தைப்பிங் கோவில் விலாசத்துக்கே இதையும் போடுகிறேன்.

உங்களிடம் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். ஒரு வரி எழுதுங்கள், மாமா.

கிளாரா


பென்னலூர்
20.11.1991

மாமாவுக்கு,

ஜோவிதாவை நேற்று அந்தக் குடும்பம் அழைத்துப்போய்விட்டது. மதர் சொல்லி அனுப்பினார், நான் போகவில்லை. நல்ல மனிதர்களாம். அந்தம்மா பாட்டுச் சொல்லிக்கொடுப்பவராம். அவளைப் பாடிப் பாடித் தூங்கவைப்பார்.

உங்கள்மேல் கோபமா என்றால், கோபம்தான். ஆனால் கோபம் ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கம்பெனியில் வரிசையாக பாட்டில்கள் போகின்றன, நான் மூடி திருகுகிறேன். கை தன்பாட்டில் வேலை செய்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன்.

இனி எனக்காக மன்றாட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கேட்டது ஒருமுறை கொடுக்கப்பட்டது, நாம் வாங்கிக்கொள்ளவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாரா


கம்பார்
22.11.1991

என் கண்ணே கிளாரா,

முதல் தேதி நீ போட்ட கடிதம் நான் போன தோட்டத்துக்கெல்லாம் என் பின்னாலேயே அலைந்து, வெள்ளத்தில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. மூலைகளில் மை கரைந்திருந்தது. நீ கெஞ்சிய வரி மட்டும் கரையவில்லை.

உடனே சம்மதம் எழுதிவிட்டேன். இங்குள்ள சாமியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதோடு இணைத்திருக்கிறேன். நம் ஊர்ச் சாமியாருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவே இல்லை. மதர் உனக்காகப் பொறுக்கிறார் என்று நீ எழுதியதை வைத்து நாலு நாள் முன்னே பின்னே ஆனாலும் பொறுப்பார் என்று நம்புகிறேன்.

நீ எழுதியது சரி. நான் ஜனங்களுக்குத்தான் பயந்தேன். அந்தப் பயத்தை நேற்றுப் பூசை முடியும்போது தீர்த்துக்கொண்டேன். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது: மன்றாட்டு நிறைவேறியவர்கள் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்றேன். "கிளாராவுக்குப் பெண் குழந்தை" என்றேன். கோவிலே கைதட்டியது. வெளியே மழைச் சத்தமா, கைத்தட்டலா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கனவில் நிற்பதுபோல நின்றேன்.

ஒரு அம்மா கேட்டார்: "எத்தனை கிலோங்க ஐயா, பிள்ளை?"

"நடக்குதும்மா" என்றேன்.

ஒரு நிமிஷம் எல்லாரும் முழித்தார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்ப பாதி வேலை முடிஞ்சிருச்சு" என்று சிரித்தார். இவர்களுக்காகவா நான் ஒரு மாதம் பயந்து செத்தேன்?

கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் மாற்றித் தருகிறார்கள், டிசம்பர் முதல் வாரம் வருகிறேன். பெண்கள் அவளுக்கு கவுன் தைக்கிறார்கள். அளவு கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, கையை விரித்து இவ்வளவு என்று குத்துமதிப்பாகக் காட்டினேன்.

தினமும் அவளிடம் என் போட்டோவைக் காட்டு, கிளாரா. நான் வந்து தூக்கும்போது யாரோ என்று என்னைப் பார்த்து அழக்கூடாது.

இப்படிக்கு,
ஜோவிதாவின் அப்பா
யாகப்பன்