போலோன்யா போய்வந்த ஜாம் பாட்டில்

அன்பு மகள் இலிங்காவுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், பசு சுகம், என் இடது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிப் பாட்டியம்மாவும் சுகம் என்றே நம்புகிறேன், அந்த அம்மாள் சுகமாக இருந்தால்தானே எனக்கு நீ கிடைப்பாய்.

ஈஸ்டருக்கு வர முடியாது, பதிலுக்குப் பெரிய பெட்டியாக அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்றாவது ஈஸ்டர், மூன்றாவது பெட்டி. போன பெட்டியில் வந்த ஒன்பது சலவைத்தூள் பாக்கெட்டும் விருந்தறையில் அடுக்கியபடியே இருக்கின்றன. அந்த அறையில் இப்போது ஒரு விருந்தாளி வந்தால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், அவ்வளவு சாமான். எதையும் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் ஊரார் வந்து பார்க்க என்ன இருக்கும் என்று ஒரு கிறுக்குப் பெருமை, உன் அம்மாவிடம் வேறென்ன எதிர்பார்க்கிறாய்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு லுக்ரேசியா போன சனிக்கிழமை தன் புருஷன் இக்னாத்துக்கு வருஷத் திவசம் கொடுத்தாள். அவன் உயிரோடிருந்தபோது ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்க முகம் சுளித்தவள், இப்போது அவன் ஆத்துமாவுக்காக ஆளுக்கொரு ரொட்டி, துண்டு, மெழுகுவர்த்தி என்று வாரி வழங்கினாள். அதோடு, இது இத்தாலியிலிருந்து என் மக அனுப்பினது என்று அழுத்திச் சொல்லி எல்லோர் கையிலும் ஏதாவது ஒன்றைத் திணித்தாள். என் கையில் ஒரு ஜாம் பாட்டில். பச்சை அக்ரூட் ஜாம். மூடிமேல் நீலக் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தது. அது உன் அப்பாவின் பழைய சட்டை, இலிங்கா. முழங்கை கிழிந்ததும் நான் கத்தரித்து, போன இலையுதிர் காலத்தில் உனக்கென்று கட்டி, இத்தாலிக்கும் நம் ஊருக்கும் சாமான் ஏற்றி ஓட்டும் ட்ரோஃபிமின் வேனில் ஏற்றிவிட்ட பாட்டில். அந்தக் காய்களைத் தோலுரித்த கறை போகாமல், பத்து நாள் கரி அள்ளியவள் மாதிரிக் கறுத்த கையோடு தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் முறைப்பு வாங்கியது நான்தான்.

லுக்ரேசியா விடவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, எவ்ஜெனியாக்கா, இது நம்ம ஊரு ஜாம் மாதிரி கசக்காது, வெளிநாட்டுப் பக்குவமே தனி, நாக்குல வச்சுப் பாருங்க தெரியும் என்றாள். இது என்னோடதுடி என்று வாய்வரை வந்தது. ஆனால் இறந்தவனுக்காகக் கொடுப்பதை மறுத்தால் அவன் ஆத்துமா பட்டினி கிடக்கும் என்பார்களே. இக்னாத் பாவம், உயிரோடிருக்கையிலேயே அவள் சமையலில் பாதிப் பட்டினி கிடந்தவன். அதனால் கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். என்னுடையதை எனக்கே தானமாகக் கொடுத்ததற்கு நன்றியும் சொன்னேன்.

நீ அங்கே ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் வேன்கள் வந்து நிற்கிற மைதானத்தில் லுக்ரேசியாவின் மகளிடம் பாட்டிலைக் கொடுத்திருப்பாய், அவள் திறக்காமலே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். மறுக்காதே, கோபமில்லை. நீ போன வருஷம் அனுப்பிய காப்பியை நானும் டாக்டரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், அதை அவர் யாருக்குக் கொடுத்தாரோ. ஆனால் ஒன்று கேட்கிறேன். காலில்லாத பாட்டில் நாலு நாடு தாண்டிப் போய், நாலு நாடு தாண்டி வீடு திரும்பத் தெரிந்திருக்கிறது. இரண்டு காலோடு நான் பெற்ற உனக்கு ஏன் வழி தெரியவில்லை?

வேனில் இடமில்லை என்று சொல்லாதே. ட்ரோஃபிம் போனமுறை இரண்டு சலவை இயந்திரம், ஒரு மோட்டார் சைக்கிள், யாருடைய நாயோ ஒன்று, எல்லாம் ஏற்றிவந்தான். அந்த அம்மாளை விட்டு வர முடியாது என்கிறாய். அவர் மகன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான் என்று எழுதியதும் நீதான். அவன் அம்மாவைப் பார்க்க நீ, உன் அம்மாவைப் பார்க்க ஒரு பெட்டியா? ஒரே ஒரு வாரம் அவன் தன் தாய்க்கு சூப் காய்ச்சட்டும், செத்துவிட மாட்டான்.

உன் அப்பாவிடம் பாட்டிலைக் காட்டினேன். துணியைத் தடவிப் பார்த்து, என் சட்டையே நாடு பார்த்துட்டு வந்துருச்சு, நான் இன்னும் ஆத்தத் தாண்டல என்றார். பிறகு பிளம் சாராயப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ட்ரோஃபிம் வீட்டுக்குப் போனார். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று உன் போலோன்யாவிலிருந்து கிளம்பும் அவன் வேனில், கதவுக்குப் பக்கத்து இருக்கை உனக்கு. மடியில் வேறு எவருடைய மூட்டையும் வைக்க மாட்டேன் என்று ட்ரோஃபிம் சத்தியம் செய்தானாம், சாராயத்தைக் குடித்த பிறகு. நானோ கடையில், தேவாலயத்தில், பால் ஊற்றும் இடத்தில், எங்க இலிங்கா வர்றா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இதே பொய்யை மூன்றாம் வருஷம் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பாட்டிலைத் திறக்கவில்லை, சலவைத்தூளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ வந்தால் ஈஸ்டர் காலையில் மூவரும் திறப்போம். வராவிட்டால், என் தாயின் திவசத்தன்று லுக்ரேசியாவின் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவள் மகளுக்கு அனுப்புவாள், மகள் மைதானத்தில் யாருக்காவது கொடுப்பாள், சுற்றிச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கே வரும். அப்போது மூடியைப் பார். அது யார் சட்டை என்று உனக்கு இன்னும் அடையாளம் தெரிகிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் இருமலிலிருந்தும் காக்கட்டும். கம்பளி உள்சட்டை போட்டுக்கொள், நல்ல முடிவெடு, மறக்காதே: பெட்டி வேண்டாம்.

கை கறுத்த உன் அம்மா,
எவ்ஜெனியா