பாப்பா வீட்டுக்கு ஒரு மல்பெரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமாவும் அத்தையும் சுகம். நீங்களும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து யானை மாதிரி இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று எறும்பு மாதிரி இருக்கும். லாரிப் பட்டறையில் சம்மட்டி பிடித்த கை, பேனா பிடித்திருப்பதை மறந்து அழுத்திவிடுகிறது. தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால்கூட நான் எழுதியது தெரியும். ஆனால் இது முழுக்க நானே எழுதுவது. எதிர்வீட்டு டைலரிடம் சொல்லி எழுதி வாங்கவில்லை. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற நூலகத்துச் சாயங்கால வகுப்பில் டீச்சர் என்னைத் தலைவனாக்கியிருக்கிறார். அதிகம் பேசுகிறவரைத் தலைவராக்கினால் கூச்சப்பட்டு வாயை மூடுவார் என்று நினைத்தாராம். நான் மூடவில்லை.

உங்கள் கடிதத்தையும் நானே படித்தேன். டைலர் படித்தால் கடகடவென்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார், நல்லதும் கெட்டதும் மொத்தமாக வந்து விழும். இந்தத் தடவை விரலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நீங்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிற செய்தி எனக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. பாதியிலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் மீதியையும் விடாமல் படித்தேன். ஒரு கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டோமே என்ற சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்தே வந்தன. அப்படியும் வரும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கவரில் இரண்டு கேள்விகள் இருந்தன. புது வீட்டில் பின்பக்கம் மண் தரை இருக்கிறது, எந்த மல்பெரி வைக்கலாம் தாத்தா என்று பாப்பா படம் போட்டுக் கேட்டிருக்கிறாள். வரப்போகிறவரைப் பாப்பா அம்மா என்று கூப்பிடுவதா, சித்தி என்று கூப்பிடுவதா, மாமாவும் அத்தையும் சொல்கிறபடி செய்கிறேன் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சுலபமானதற்கு முதலில் எழுதிவிடுகிறேன்.

பாப்பாவிடம் சொல்லுங்கள். விதை போட்டு வளர்க்க வேண்டாம். விதையில் வருகிற மரம் வருஷக்கணக்கில் வளர்ந்த பிறகு, வெறும் பூவாகப் பூத்துக் கொட்டிவிட்டு நிற்கலாம். எல்லா மல்பெரியும் காய்ப்பதில்லை. இலையைப் பார்த்தும் வாங்க வேண்டாம். அதில் ஏமாந்தவன் நான். பாப்பாவின் அம்மா உடம்புக்கு முடியாமல் இங்கே வந்திருந்தபோது, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, மல்பெரி தின்றால் தேவலை என்றாள். நான் பட்டுப்பூச்சி வளர்க்கிற தோட்டத்தில் போய், கைவிரலை விரித்தது போல அகல அகலமாக இலை விட்டிருந்த கன்றாகப் பார்த்து வாங்கி வந்தேன். இலை அவ்வளவு செழிப்பாக இருந்தால் பழம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. பழம் வந்தது, சுண்டைக்காய் அளவில். அவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, சப்பென்று இருக்கிறதே அப்பா, இது புழுவுக்கு வளர்க்கிற மரம், என்னையும் ஒரு புழு என்று நினைத்துவிட்டீர்களா என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்கச் சிரித்தாள். உங்களுக்கும் போனில் சொன்னாளே.

அப்புறம் அவள்தான் சொன்னாள், பழத்தைத் தின்று பார்த்துப் பிடித்தால் அந்த மரத்திலேயே குச்சி வாங்குங்கள் என்று. டைலர் வீட்டு முற்றத்து மரம் அவளுக்குப் பிடித்தது. நன்றாகக் கறுத்த பழம், இனிப்புக்குள்ளே கொஞ்சம் புளிப்பு இருக்கும். நீளமான பழம் காய்க்கிற ஜாதி ஒன்று உண்டு, அது தேன். ஆனால் நாலு தின்றால் திகட்டிவிடும். பாப்பாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாய் யார் வாய் மாதிரி என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பென்சில் தடிமனுக்கு முற்றிய குச்சி போதும். அடியைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை துளிர்த்ததும் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. குச்சியில் மிச்சமிருக்கிற சத்திலேயே இலை வந்துவிடும், வேர் பிறகுதான் வரும். இது தெரியாமல் வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்து முதல் குச்சியை நான் கொன்றேன். இரண்டாவது குச்சியை உங்கள் அத்தை என்னிடமிருந்து காவல் காத்தாள். வேர் ஊன்றியதும் நாள் முழுக்க வெயில் படுகிற இடத்துக்கு மாற்ற வேண்டும். பழுக்கிற சமயத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழமும் தண்ணீராகிவிடும். பறித்து முடித்ததும் கிளையைக் கழிக்க வேண்டும், புதுக் கிளையில்தான் பழம் வரும். துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கறை எந்த சோப்புக்கும் போகாது.

அந்த இரண்டாவது குச்சி இலை விட்டதைப் பாப்பாவின் அம்மா பார்த்தாள். பழம் வந்தது இந்த வருஷம்தான். முதல் பழம் கறுத்ததும் அதை என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பறிக்காமல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கடைசியில் உங்கள் அத்தை கையை வைத்தாள், தொட்டதும் உதிர்ந்தது. பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் கையில் கொடுத்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

இனி உங்கள் கேள்வி. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். என் படிப்பு மெதுவாயிற்றே, அதற்குள் அவளும் முன்கூட்டியே புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். உங்களிடம் மறைப்பானேன், முதலில் கோபம்தான். இனிமேல் அவர் நமக்கு என்ன மாப்பிள்ளை என்று கேட்டாள். சித்தி என்றே கூப்பிடட்டும், அம்மா என்றால் ஒருத்திதான் என்றாள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வரட்டுமா என்றதற்கு, எழுத்தா வராமல் நிற்கிறது உங்களுக்கு என்று முறைத்தாள்.

நேற்றுப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே பேச்சை எடுத்தாள். சித்தி, சித்தி என்று அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடும், சாப்பாட்டுக்குக் கூப்பிடும், ஜடை பின்னக் கூப்பிடும், கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் தன் அம்மா செத்துப்போனது அதற்கு ஞாபகம் வருமே, அதை எதற்கு அந்தச் சின்ன வாயில் வைக்க வேண்டும், அந்த ஞாபகம் நம்மோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சொல்லிவிட்டுப் பழக்கறைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகையால் அம்மா என்றே கூப்பிடட்டும், மாப்பிள்ளை. இது எங்கள் இருவருடைய பதில். வாய் தவறி ஒருநாள் பாப்பா சித்தி என்று சொன்னாலும் திட்ட வேண்டாம். அம்மா என்று கூப்பிடுகிறாளே என்று நீங்களும் தனியாக உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எப்போதாவது கடிதம் போடுகிற இந்தக் கிழவனும் கிழவியும் யார் என்று வருகிறவர் கேட்பார். இறந்துபோனவளுடைய பெற்றோர் என்று சொல்லாதீர்கள். பாப்பாவுடைய அம்மாவின் அப்பா அம்மா என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது. அவருக்கும் விருப்பமிருந்தால் எங்களை அப்படியே தன் அப்பா அம்மாவாக வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். பழம் இருக்கும்போது மூவருமாக ஒருமுறை வாருங்கள். அவரை விட்டுவிட்டு வர வேண்டாம்.

அடுத்த வாரமும் எழுதுவேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன். யார் பிரித்துப் படித்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மாமா