தொண்ணூறு போதும்

நைனா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன். சொல்லாதே என்று நீ சொன்ன ஒன்றை இன்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்திலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இருந்த இடம் காலியாக இருக்கிறது. மந்தைவெளி ஸ்டாண்டில் உன்னோடு ஆட்டோ ஓட்டிய குமார் மாமா வந்து எடுத்துப் போனார். நொச்சிக்குப்பத்தில் அவருடைய அண்ணனுக்கும் உனக்கிருந்த அதே நுரையீரல் நோய். அவருக்கும் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா மெஷினைத் துடைத்துக் கொடுத்தாள். மூக்குக் குழாயை அவள் கழற்றிச் சுருட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. எனக்கு உடனே அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் டாக்டர் சொன்னதை எழுத வேண்டும். உனக்கு விரலில் மாட்டும் கருவி எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் காட்டினால் போதும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். நீ என் கையைக் கிள்ளினாய். அவர் கோபப்படவில்லை. பல வருஷமாகக் கெட்டுப்போன நுரையீரலுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால், சிலருக்கு வெளியே போக வேண்டிய கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடும். தலை வலிக்கும், தூக்கம் தூக்கமாக வரும், அப்புறம் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "இனிமே நீ தொண்ணூறு மார்க்கு வாங்கினா மிச்சம் பத்து எங்கன்னு கேக்கமாட்டேன். எனக்கே தொண்ணூறு போதுமாம்."

ஆனால் கொரோனாவுக்குப் பிறகு நம் தெருவில் எல்லோருமே பாதி டாக்டர். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, உன் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எண்பத்தொன்பது என்றதும் முகம் மாறும். அம்மா ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள்.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். குமார் மாமா நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா சமையலறையில் அதை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கருவியை மாட்டிப் பார்த்தார். எண்பத்தொன்பது. கொரோனா சமயத்தில் அவருடைய தங்கையை அதே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தத் தங்கை திரும்பி வரவில்லை. மாமா மெஷினின் திருகைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டார். கிளம்பும்போது அம்மாவிடம், "தொண்ணூத்தொம்பது காட்டுது அண்ணி. நல்லா தூங்கிகினு கீறான், எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அம்மாவும் சந்தோஷப்பட்டாள். எத்தனையோ நாளாக நீ தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாயே. நான் வந்து பார்த்தபோது எனக்கு உன் தூக்கம் பிடிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. உள்ளங்கை சுட்டது. உலுக்கினேன். ஏதோ முனகினாய், கண்ணைத் திறக்கவில்லை. "தூங்குற மனுசன எழுப்பாதடி" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நம் வீட்டில் அது பெரிய பாவம். ராத்திரி சவாரி முடித்து வந்த உன்னை யாரும் எழுப்பியதே இல்லை. மெஷினைப் பார்த்தேன். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு உச்சியில் நின்றது. டாக்டர் சொன்ன கோட்டுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு அம்மாவும் உன்னை உலுக்கினாள், பெயர் சொல்லியே கூப்பிட்டாள். அப்புறம்தான் நூற்றெட்டுக்குப் போன் செய்தோம்.

ஆஸ்பத்திரியில் காற்றைத் தள்ளும் மாஸ்க் மாட்டினார்கள். மறுநாள் அதை விலக்கி நீ டீ கேட்டாய். கூடவே இதையும் சொன்னாய்: "குமாராண்ட சொல்லாத. தெரிஞ்சா அவன் நம்ம வூட்டுப் படி ஏறமாட்டான்."

சொல்லவில்லை நைனா. மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் வந்து நீ போனாய். அதற்கு யாரும் காரணமில்லை. ஆனால் நீ போன அன்று பந்தலில் குமார் மாமா வந்தவர்களிடமெல்லாம், "நான் பாத்தப்போ தொண்ணூத்தொம்பது இருந்திச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் உள்ளே போய்விட்டேன்.

இன்று மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கப் போனவர், அண்ணனுக்கு முழுதாக ஏற்றி வைத்துவிடுகிறேன் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். மாமா சிரித்தார். "இன்னா பாப்பா, எத்தினி பேர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கேன், எனக்கேவா?"

வேறு வழி இருந்ததா? நீயே சொல்.

"நைனா அன்னிக்கு எழுந்திரிக்காம போனது அதனாலதான் மாமா" என்றேன்.

மெஷினைக் கீழே வைத்தார். "நான் ஏத்துனதாலயா?" என்று கேட்டார்.

"ஆமா. ஆனா நைனா அதுல பொழச்சிட்டாரு. உங்ககிட்ட சொல்லவேணாம்னாரு. நீங்க வராம பூடுவீங்கன்னு."

காக்கிச் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து அண்ணனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் எழுதியிருந்த அளவைப் படித்துச் சொல்லி, குழாயில் அந்தக் கோட்டுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டினேன். அம்மா போட்ட டீயைக் குடிக்காமலே போய்விட்டார். இதுவரை அப்படிப் போனதே இல்லை.

புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். நீ பயந்தது நடந்துவிட்டதோ என்று வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். சாப்பிடும்போது போன் வந்தது.

"பாப்பா, எண்பத்தொம்பது காட்டுது" என்றார் குமார் மாமா. "கையி அந்தத் திருகாண்டயே போவுது. கையக் கட்டிகினு உக்காந்துகினு கீறேன்."

"அப்படியே இருங்க மாமா" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் நம் மெஷினின் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் மிச்சமிருக்கிறது நைனா. யார் தூங்கினாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அம்மா கண்ணயர்ந்தால் தோளைத் தொட்டுக் கூப்பிடுவேன். "இன்னாடி" என்று அவள் எரிச்சலோடு கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இப்போதும் கூப்பிட்டேன். திட்டிக்கொண்டே எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.